சீன வெண்கலப் படைப்புகளில் விலங்குகளைப் பொருளறிந்து காண்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சீன வெண்கலக் கலம் ஒன்றின் முன் நிற்பவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இந்த விலங்குக்கு என்ன பொருள்?" என்பதுதான். உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. காலம், கிடைத்த இடம், பயன்பாடு, வார்ப்பு முறை ஆகியவற்றைப் பாராமல் பொருளுக்குத் தாவுகிறவர்கள், மிங், சிங் அரச மரபுகளின் காலத்து மங்கலக் குறியீடுகளை அவற்றுக்கு ஈராயிரம், மூவாயிரம் ஆண்டுகள் முந்தைய கலங்களின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். கீழ்வரும் படிகளின் வரிசை அந்தத் தாவலைத் தடுப்பதற்காகவே அமைந்தது. ஒவ்வொரு படியும் அடுத்த படியில் எழக்கூடிய தவறான விடைகளில் சிலவற்றை முன்கூட்டியே நீக்கிவிடும்.

நம் கோயில்களின் செப்புத் திருமேனிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் கூடுதலாக ஓர் இடர் உண்டு. அங்கே எருது நின்றால் சிவன், மயில் நின்றால் முருகன் என்று சொல்ல முடிகிறது. அந்த உறவைச் சொல்லும் நூல்களும் வழிபாடும் தொடர்ந்து இருந்து வருகின்றன. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஷாங் அரச மரபின் காலத்துச் சீனக் கலங்களுக்கு அப்படியொரு நூல் கிடையாது. விலங்குக்கு நேராகப் பொருளை எழுதிய பட்டியலை எதிர்பார்த்து வருபவர், அந்த எதிர்பார்ப்பை முதலில் இறக்கி வைக்க வேண்டும்.

தொடங்கும் முன் தேவையானவை

பொருளின் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம், அடிப்பகுதி ஆகியவற்றைக் காட்டும் படங்கள் தேவை. மூடி இருந்தால் அதைத் திறந்த நிலையில் உட்புறத்தைக் காட்டும் படமும் வேண்டும், ஏனெனில் எழுத்துப் பொறிப்பு பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். முன்புறப் படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எழுதப்பட்ட விளக்கங்கள் பலவும், பின்பக்கத்தில் இன்னொரு விலங்கு இருப்பதைக் கவனியாமல் எழுதப்பட்டவை.

அளவும் எடையும் கிடைத்த ஊரும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தாளில் "கண்ணால் கண்டது", "சான்று உள்ளது", "ஊகம்" என்று மூன்று பத்திகள் வரைந்துகொள்ளுங்கள். எழுதும் ஒவ்வொரு கூற்றும் இம்மூன்றில் ஒன்றில்தான் விழ வேண்டும். இந்தத் தாள் இல்லாமல் தொடங்குபவர்களுக்கு, தாம் படித்த ஊகம் சிறிது நேரத்தில் தாமே கண்ட உண்மையாகத் தோன்றத் தொடங்கிவிடுகிறது.

மனத்தில் கொள்ள வேண்டிய இன்னொன்று நிறம். இன்று நாம் காணும் பச்சையும் கருமையும் மண்ணுக்குள் கிடந்ததால் ஏறியவை. புதிதாக வார்க்கப்பட்ட வெண்கலம் பொன்னை ஒத்து மின்னியது. "இருண்ட, அச்சமூட்டும் உருவம்" என்று எழுதும்போது அந்த இருள் செய்தவர் தந்ததா, மண் தந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

1. காலத்தையும் கிடைத்த இடத்தையும் உறுதிசெய்க

ஒரே விலங்கு வெவ்வேறு காலத்தில் நேர்மாறான மதிப்பைப் பெற்றிருக்கிறது. ஆந்தை இதற்குச் சிறந்த சான்று. ஷாங் அரசர் வூ திங்கின் துணைவியரில் ஒருவரும் படை நடத்தியவருமான ஃபூ ஹாவின் கல்லறை, 1976-இல் ஷாங் தலைநகரான அன்யாங்கில் கொள்ளையடிக்கப்படாத நிலையில் அகழப்பட்டபோது, ஆந்தை வடிவிலான மதுக்கலங்கள் ஓர் இணையாகக் கிடைத்தன. அரச குடும்பத்துப் பெண்ணின் கல்லறையில், அவர் பெயர் பொறித்து, இத்தனை கவனத்துடன் செய்து வைத்த உருவம் தீய சகுனமாக இருந்திருக்க முடியாது. ஆனால் பிற்காலச் சீன வழக்கில் ஆந்தை கெட்ட சகுனப் பறவை. பிற்கால வழக்கை மட்டும் அறிந்தவர் இக்கலத்தைத் தலைகீழாகப் படித்துவிடுவார்.

ஷாங் காலத்தின் பிற்பகுதி (சுமார் கி.மு. 1250–1046), மேற்குச் சௌ (கி.மு. 1046–771), கிழக்குச் சௌ (கி.மு. 770 முதல்), ஹான் (கி.மு. 206–கி.பி. 220), அதற்குப் பிந்தையவை என்ற ஐந்து அடுக்குகளாகப் பிரித்துக்கொண்டால் தொடக்கத்துக்குப் போதும். கடைசி அடுக்கில் ஒரு பொறி இருக்கிறது. சொங் காலம் (கி.பி. 960–1279) முதலே பழங்கலங்களைப் பார்த்து அதே அலங்காரத்துடன் புதியவை வார்க்கும் வழக்கம் இருந்தது. ஆகவே ஷாங் பாணி முகம் இருப்பதால் மட்டும் ஒரு கலம் ஷாங் காலத்தது ஆகிவிடாது.

இடமும் காலத்துக்கு இணையாக முக்கியமானது. சிச்சுவானின் சான்சிங்துய்யில் 1986-இல் வெளிப்பட்ட குழிகளில் கிடைத்த 3.96 மீட்டர் உயர வெண்கல மரத்தின் கிளைகளில் ஒன்பது பறவைகள் அமர்ந்திருக்கின்றன. அடிமரத்தின் வழியே ஒரு டிராகன் தலைகீழாக இறங்குகிறது. அதைச் செய்தவர்கள் அன்யாங் மக்கள் அல்லர். யுன்னானின் தியான் நாட்டுக் கல்லறைகளில் கிடைத்த எருதும் புலியும், வட எல்லைப் புல்வெளி மக்களின் இடைக்கச்சைத் தகடுகளில் ஒன்றையொன்று கடிக்கும் விலங்குகளும் வேறு வேறு உலகங்களைச் சேர்ந்தவை. இவை எல்லாவற்றையும் "சீனக் குறியீடு" என்ற ஒரே தலைப்பில் அடைப்பது மிகப் பரவலான பிழை.

2. பொருள் எதற்குப் பயன்பட்டது என்று கேளுங்கள்

"சிற்பம்" என்று நாம் அழைப்பவற்றில் பழையவை பெரும்பாலும் கலங்கள்: முன்னோருக்கு மது, உணவு, நீர் படைக்கப் பயன்பட்டவை. விலங்கின் முதுகில் மூடி இருக்கிறதா, வாயில் துளை இருக்கிறதா, வயிறு வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். 'சுன்' எனப்படும் மதுக்கலம் யானையாகவோ காண்டாமிருகமாகவோ ஆட்டுக்கடாவாகவோ வடிவெடுக்கலாம். அது முதலில் மதுக்கலம், பிறகுதான் விலங்கு.

பயன்பாடு பல நேரங்களில் விலங்கின் தேர்வையே விளக்கிவிடும். கை கழுவும் நீரை ஏந்தும் 'பான்' தட்டுகளின் உட்புறத்தில் மீன், ஆமை, சுருண்ட டிராகன் ஆகியவை வருவது நீரின் பொருட்டு. ஷாங்காய் அருங்காட்சியகத்திலுள்ள, 'வசந்த, இலையுதிர் காலம்' எனப்படும் கிழக்குச் சௌ முற்பகுதியைச் சேர்ந்த தட்டு ஒன்றில் மீன்களும் தவளைகளும் நீர்ப்பறவைகளும் தனித்தனியே சுழலும்படி பொருத்தப்பட்டிருக்கின்றன. இங்கே மீனுக்கு வளம், செல்வம் என்று ஆழ்பொருள் தேடுவதற்கு முன், நீர் ஊற்றினால் அவை நீந்துவதுபோல் தோன்றும் என்ற எளிய காரணத்தை எழுதிவிட வேண்டும்.

ஷான்சி மாநிலத்தில் 1985-இல் கிடைத்த மேற்கு ஹான் விளக்கில் ஒரு வாத்து மீனைக் கவ்வி நிற்கிறது. விளக்கின் புகை மீனின் வழியாக வாத்தின் கழுத்துக்குள் ஏறி உடலுக்குள் இறங்கும். நீண்ட கழுத்து இங்கே புகைக்குழாய். பெய்ஜிங் அரண்மனையில் தாய்ஹே மண்டபத்தின் முன் நிற்கும் வெண்கல ஆமையும் கொக்கும்கூட உள்ளீடற்றவை; சடங்கின்போது உள்ளே நறும்பொருள் எரித்து, வாய் வழியே புகை வரச் செய்தார்கள். நீண்ட ஆயுள் என்ற குறியீடு அங்கே உண்மைதான். ஆனால் புகைவதைப் பார்க்காதவர் அந்தக் காட்சியில் பாதியை இழந்துவிடுகிறார்.

3. எப்படி வார்க்கப்பட்டது என்று பாருங்கள்

பலரும் இந்தப் படியைத் தவிர்த்துவிடுகிறார்கள். பிழைகளை மிகுதியாக நீக்குவதும் இதுவே.

ஷாங், சௌ காலத்து முதன்மை முறை துண்டு அச்சு வார்ப்பு. களிமண்ணால் மாதிரி செய்து, அதன்மேல் களிமண்ணை அழுத்தி அச்சு எடுத்து, அந்த அச்சைத் துண்டுகளாக வெட்டி, உள்ளே ஒரு கரு வைத்து, மீண்டும் துண்டுகளைச் சேர்த்துக் கட்டி, இடைவெளியில் உலோகத்தை ஊற்றினார்கள். நம் சுவாமிமலையில் இன்றும் கையாளப்படும் மெழுகு வார்ப்பு அங்கே தெளிவாகத் தென்படுவது அதற்கும் பல நூற்றாண்டுகள் கழித்தே; 1978-இல் ஹூபெய்யில் அகழப்பட்ட செங் நாட்டுக் கோமான் யீயின் கல்லறைக் கலங்களில் (சுமார் கி.மு. 433) அதன் விளைவைக் காணலாம்.

துண்டுகள் சேரும் இடத்தில் தழும்பு விழும். அதை மறைக்கவோ அழகாக்கவோ அங்கே செங்குத்தான விளிம்புகள் எழுப்பப்பட்டன. கலத்தைச் சுற்றிலும் அலங்காரம் சம பகுதிகளாகப் பிரிவதும், விலங்கின் முகம் மூக்குத்தண்டை நடுவில் வைத்து இருபுறமும் ஒத்திருப்பதும் இந்த முறையோடு இயல்பாகப் பொருந்துகின்றன. ஆகவே "இரட்டைத் தன்மையின் தத்துவம்" என்று எழுதக் கை நீளும்போது, அச்சின் தேவை எவ்வளவு தூரம் அந்த ஒப்புமையை விளக்குகிறது என்று முதலில் கணக்கிடுங்கள். முழுவதையும் அச்சு விளக்கிவிடாது என்பதும் உண்மை: அச்சே தேவைப்படாத, புதிய கற்காலத்து லியாங்சூ பண்பாட்டின் பச்சைக்கற்களில், ஷாங்குக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, பெரிய கண்களுடைய ஒத்த முகங்கள் செதுக்கப்பட்டுள்ளன.

தனியே வார்த்து இணைத்த உறுப்புகளையும் தேடுங்கள். ஹுனானின் நிங்சியாங்கில் 1938-இல் கிடைத்த, 58.3 சென்டிமீட்டர் உயரமுள்ள நான்கு ஆட்டுக்கடாக் கலத்தில், சுருண்ட கொம்புகள் முன்னரே வார்க்கப்பட்டுப் பிறகு அச்சில் பொருத்தப்பட்டன. செய்தவர் எங்கே கூடுதல் உழைப்பைச் செலவிட்டாரோ, அந்த உறுப்பு அவருக்கு முக்கியமானது என்று கொள்ளலாம்.

4. உருவத்தை உறுப்பு உறுப்பாகப் பிரியுங்கள்

ஷாங் கலத்தில் மிகுதியாகக் காணப்படும் முகத்தைப் படிக்க ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் கண்களைக் கண்டுபிடியுங்கள். மற்றவை எல்லாம் சுழிகளுக்குள் கரைந்தாலும் கண்கள் புடைத்து நிற்கும். அடுத்து நடுவிலுள்ள மூக்குத்தண்டு. பின் கொம்புகள்: எருதினுடையதா, கடாவினுடையதுபோல் சுருண்டதா, இரண்டுமல்லாத புட்டி வடிவக் கொம்பா என்று குறியுங்கள். பின் மேல்தாடையும் பல்லும். பெரும்பாலும் கீழ்த்தாடை இராது. கடைசியாக, முகத்தின் இருபுறமும் உடல் நீண்டு வால் சுருள்கிறதா என்று பாருங்கள்.

இப்போது முகத்தின் ஒரு பாதியைத் தாளால் மறையுங்கள். பல முகங்களில் எஞ்சிய பாதி, பக்கவாட்டில் நிற்கும் ஒற்றைக் கால் டிராகனாக, அதாவது 'குவெய்' என்று பின்னோர் பெயரிட்ட உருவமாகத் தெரியும். இரண்டு டிராகன்கள் எதிரெதிரே நின்று ஒரு முகமாகின்றனவா, ஒரு முகம் இரண்டாகப் பிளந்து விரிகிறதா என்பதற்கு ஒற்றை விடை இல்லை. இரண்டும் தெரிவதே அந்த வடிவமைப்பின் திறம். பின்னணியில் உள்ள சதுரச் சுழிகளுக்கு 'இடி வடிவம்' என்ற பெயர் வழங்குகிறது. பெயரை வைத்து உடனே மழைத் தெய்வத்தை அழைத்துவிடாதீர்கள். அது நிரப்பு அலங்காரமாகவும் வேலை செய்கிறது.

முழு விலங்கு வடிவக் கலங்களில் கூட்டு உருவங்களைத் தேடுங்கள். 'குவாங்' எனப்படும் மூடியுள்ள ஊற்றுக்கலங்களில் முன்பக்கம் புலி, பின்பக்கம் ஆந்தை என்று அமைவதுண்டு. ஃபூ ஹாவின் கல்லறையிலும் அத்தகைய ஒன்று உண்டு. யானையின் தோள்மீது டிராகன், அதன் துதிக்கை நுனியில் பறவை என்று ஓர் உருவத்தின் மேல் இன்னோர் உருவம் ஏறியிருப்பதையும் காணலாம். முதன்மை விலங்கை மட்டும் குறித்து மற்றவற்றை அலங்காரம் என்று தள்ளுவது புதியவர்களின் வழக்கம். எல்லாவற்றையும் எண்ணி, எது எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள்.

உண்மை விலங்குகளை "கற்பனை" என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. ஷாங் காலத்தில் வட சீனச் சமவெளியின் தட்பவெப்பம் இன்றையதைவிடச் சூடானது. யானையும் காண்டாமிருகமும் அங்கே வாழ்ந்தன. சான் பிரான்சிஸ்கோவின் ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள காண்டாமிருகக் கலத்தைச் செய்தவர் அந்த விலங்கை நேரில் அறிந்திருக்க வேண்டும் என்று அதன் தடித்த கால்களும் தோலும் சொல்கின்றன.

5. பெயரிடும்போது பெயரின் வயதைக் குறியுங்கள்

மேலே சொன்ன முகத்துக்குப் பரவலான பெயர் 'தாவ்தியே'. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு நூல் ஒன்று, சௌ கலங்களில் உடலற்ற தலையாக இருக்கும் பெருந்தீனிக்கார விலங்கு என்று இதைச் சொல்கிறது. சொங் காலத்துப் பழம்பொருள் ஆய்வாளர்கள் அந்தப் பெயரை எடுத்து ஷாங் முகங்களுக்குச் சூட்டினார்கள். ஷாங் மக்கள் அதை என்னவென்று அழைத்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. ஆகவே "பேராசையை எச்சரிக்கும் உருவம்" என்ற விளக்கம், பெயரிலிருந்து பிறந்ததேயன்றிக் கலத்திலிருந்து பிறந்ததன்று. இன்றைய சீனத் தொல்லியலாளர் பலர் "விலங்கு முக வடிவம்" என்றே எழுதுகிறார்கள். நீங்களும் அவ்வாறே எழுதுவது பாதுகாப்பானது.

6. இப்போது பொருளைக் கேளுங்கள்: அந்தந்தக் காலத்தின் சாட்சியோடு

முதல் சாட்சி கலத்தின் பொறிப்பு. ஆனால் அது விலங்கைப் பற்றித்தான் பேசும் என்று எதிர்பார்க்காதீர்கள். சான் பிரான்சிஸ்கோ காண்டாமிருகத்தின் உட்புறத்திலுள்ள 27 எழுத்துகள், அரசர் ஒரு படையெடுப்பின்போது தம் அலுவலர் ஒருவருக்குச் சோழிகள் வழங்கியதைக் கூறுகின்றன; காண்டாமிருகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதற்கு மாறாக, ஷான்சி மாநிலத்திற்கு மேற்கேயுள்ள ஷாஅன்சியில், மெய் வட்டத்தில் 1955-இல் கிடைத்த மேற்குச் சௌ குதிரைக்குட்டிக் கலத்தின் பொறிப்பு, குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துப் பழக்கும் சடங்கை அரசரே நடத்தியதையும், கலத்தைச் செய்வித்தவருக்குக் குட்டி வழங்கியதையும் சொல்கிறது. இங்கே விலங்கும் எழுத்தும் ஒன்றையொன்று தாங்குகின்றன. இப்படிப்பட்ட கலங்கள் அரிது; கிடைத்தால் அதையே அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

ஷாங் காலம். முன்னோரின் பெயரும் குலக்குறியும் தவிரப் பெரும்பாலான பொறிப்புகளில் வேறெதுவும் இல்லை. எலும்புகளில் எழுதப்பட்ட குறிச் செய்திகளும் அலங்காரத்தை விளக்குவதில்லை. பழைய விளக்கம் என்று எல்லோரும் காட்டுவது சௌ காலத்து வரலாற்று நூலொன்றில் கி.மு. 606-இல் நடந்ததாக வரும் உரையாடல்: முப்பாதக் கலங்களில் பல்வேறு உருவங்களை வார்த்ததால், மக்கள் எவை தெய்வம், எவை தீயவை என்று அறிந்துகொண்டார்கள் என்கிறார் ஓர் அமைச்சர். கவனத்துக்குரிய சான்றுதான், ஆனால் ஷாங் வீழ்ந்து நான்கு நூற்றாண்டுகள் கழித்து வாழ்ந்தவரின் பேச்சு அது.

அறிஞர்கள் இரு முனைகளில் நிற்கிறார்கள். மாக்ஸ் லேர், இந்த முகங்கள் கோடுகளாகத் தொடங்கிப் படிப்படியாகத் தெளிவடைந்தவை என்பதால் அவற்றுக்குத் திட்டமான பொருள் இருந்திருக்கத் தேவையில்லை என்றார். குவாங்-சி சாங், சடங்காளர் முன்னோரின் உலகத்தோடு பேச உதவிய துணை விலங்குகள் இவை என்றார். என் எண்ணத்தில், முன்னோர் படையலுக்கான கலங்களில் இத்தனை நூற்றாண்டு தொடர்ந்த உருவத்தை வெற்று அலங்காரம் என்று சொல்வது கடினம். அதே நேரத்தில் ஒவ்வொரு விலங்குக்கும் தனிப்பொருள் கூறும் அளவுக்குச் சான்றும் இல்லை. உங்கள் தாளில் இது மூன்றாம் பத்தியில் இருக்க வேண்டும்.

புலியும் மனிதனும் சேர்ந்து வரும் காட்சியில் இந்தக் கட்டுப்பாடு மிகவும் தேவை. 832 கிலோவுக்கும் மேல் எடையுள்ள ஹோமூவூ முப்பாதக் கலத்தின் கைப்பிடியில் (பெயர் எப்படியிருந்தாலும் அதற்குக் கால்கள் நான்கு) இரு புலிகள் ஒரு மனிதத் தலையை இடையில் வைத்து வாய் திறந்திருக்கின்றன. பாரிசின் செர்னுஸ்கி அருங்காட்சியகத்திலுள்ள மதுக்கலத்தில் ஒரு புலி மனிதனை அணைத்து, அவன் தலைமேல் வாய் பிளந்து நிற்கிறது. விழுங்குகிறது என்பர் சிலர், காக்கிறது என்பர் சிலர். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: மனிதன் இரு கைகளாலும் புலியைப் பற்றியிருக்கிறான், முகத்தைத் திருப்பியிருக்கிறான், முகத்தில் வேதனை இல்லை. அந்த மூன்று விவரமும் "காக்கிறது" என்பாருக்குச் சற்றே துணைபோகின்றன; முடிவாக்குவதில்லை.

சௌ காலம். மேற்குச் சௌவின் நடுப்பகுதியில் விலங்கு முகம் பின்வாங்கி, நீண்ட கொண்டையும் வாலும் உடைய பறவைகள் கலங்களை நிரப்புகின்றன. சௌ எழுச்சியின்போது ச்சீ மலையில் தெய்வப் பறவை பாடியது என்ற மரபை இதனோடு இணைப்பதுண்டு. இணைக்கலாம், ஆனால் ஊகம் என்று குறித்து. கி.மு. ஆறாம் நூற்றாண்டளவில் விலங்குகள் அலங்காரத்திலிருந்து விடுபட்டு நிற்கத் தொடங்குகின்றன. சின்செங்கில் 1923-இல் கிடைத்த சதுரக் கலங்களின் மூடியில், தாமரை இதழ்களின் நடுவே சிறகு விரித்த கொக்கு நிற்பதைப் பாருங்கள்.

ஹான் காலம். இங்கே நிலை மாறுகிறது, ஏனெனில் பொருளே விளக்கம் தருகிறது. வாங் மாங் ஆட்சியை (கி.பி. 9–23) ஒட்டிப் பரவிய வெண்கல முகக்கண்ணாடிகளின் பின்புறத்தில், இடப்பக்க டிராகனும் வலப்பக்கப் புலியும் தீமையை விலக்கும், செம்பறவையும் கரிய வீரனும் யின், யாங் ஒழுங்கைக் காக்கும் என்ற கருத்தில் வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன. கிழக்குக்கு டிராகன், மேற்குக்கு வெண்புலி, தெற்குக்குச் செம்பறவை, வடக்குக்குக் கரிய வீரன் எனப்படும், பாம்பு சுற்றிய ஆமை. புதியவர் தடுமாறுவது இடம், வலம் பற்றி: தெற்கு நோக்கி அமர்ந்தவரின் இடப்பக்கமே கிழக்கு. நம் நிலப்படப் பழக்கத்தோடு பார்த்தால் எல்லாம் இடம் மாறிவிடும்.

பிற்காலம். ஒலி ஒப்புமை வழியாகப் பொருள் கொள்ளும் வழக்கம் இங்கே முழுவீச்சில் இருக்கிறது: வௌவாலின் பெயர் நற்பேற்றுக்கான சொல்லோடும், மானின் பெயர் அலுவல் ஊதியத்துக்கான சொல்லோடும், மீனின் பெயர் மிகுதிக்கான சொல்லோடும் ஒலிக்கும். இதற்கு முன்னோடியாக ஹான் கலங்களில் ஆடு மங்கலச் சொல்லுக்குப் பதிலாக எழுதப்பட்டதைக் காணலாம். ஆனால் இந்தத் திறவுகோலை ஷாங் கடாக் கலத்தில் நுழைக்கக் கூடாது. அதற்கு ஒரு சான்றும் இல்லை.

இக்காலப் பெரிய சிலைகளுக்கு இடமே பாதிப் பொருள். அரண்மனையின் தாய்ஹே வாயிலில் ஆண் சிங்கம் உருண்டையோடு கிழக்கிலும், பெண் சிங்கம் குட்டியோடு மேற்கிலும் இருக்கின்றன; வாயிலை நோக்கி நடப்பவருக்கு ஆண் சிங்கம் வலப்பக்கம் தெரியும். சிங்கம் சீனாவின் விலங்கு அன்று, மேற்கிலிருந்து வந்தது. ஆகவே ஹானுக்கு முந்தைய கலத்தில் சிங்கம் கண்டதாக எழுதினால் விலங்கையோ காலத்தையோ மறுபடி பாருங்கள். கோடை அரண்மனையின் குன்மிங் ஏரிக்கரையில் 1755-இல் சியான்லுங் பேரரசர் வைத்த வெண்கல எருது வெள்ளத்தை அடக்குவதற்கானது. இதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. அதன் முதுகிலேயே எழுதியிருக்கிறது.

7. ஒரு முழு எடுத்துக்காட்டு: வூவெய் குதிரை

1969-இல் கான்சுவின் வூவெய்யில், லெய்தாய் கல்லறையில் கிடைத்த 34.5 சென்டிமீட்டர் உயரக் குதிரையை மேற்கண்ட வரிசையில் எடுத்துக்கொள்வோம். காலம் பொதுவாகக் கிழக்கு ஹானின் பிற்பகுதி என்று கொள்ளப்படுகிறது. பயன்பாட்டில் இது கலமன்று. தேர்களும் குதிரைகளும் காவலரும் அடங்கிய கல்லறை ஊர்வலத்தோடு கிடைத்தது. தனிச் சிலையாக மட்டும் அதைப் படிப்பவர்கள் அந்த ஊர்வலத்தை மறந்துவிடுகிறார்கள்.

வார்ப்பைப் பாருங்கள்: முழு எடையும் ஒரு பின்காலில் நிற்கிறது, அந்தக் கால் சிறகு விரித்த பறவையின் மேல் நிற்கிறது. பறவை வேகத்தைச் சொல்கிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது பீடமாகவும் இருந்து சிலையைச் சாயாமல் காக்கிறது என்பதை அதற்கு முன் எழுத வேண்டும். உறுப்புகளைப் பிரித்தால், ஒரே பக்கத்துக் கால்கள் இணைந்து நகர்வது தெரியும். இது பாய்ச்சல் அன்று, பழக்கப்பட்ட சவாரிக் குதிரையின் நடை.

பொருளுக்கு வரும்போது, ஹான் பேரரசர் வூ மத்திய ஆசியாவின் ஃபெர்கானாக் குதிரைகளுக்காகப் படை அனுப்பியதும் (கி.மு. 104–101), அவை வானுலகக் குதிரைகள் என்று போற்றப்பட்டதும் நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் படையெடுப்புக்கும் இந்தச் சிலைக்கும் இடையே ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் உள்ளன. ஆகவே ஊர்வலம், நடை, தாங்கும் பறவை ஆகியவை முதல் பத்திக்கும், குதிரையின் மதிப்பு இரண்டாம் பத்திக்கும், வானுலகக் குதிரை என்ற அடையாளம் மூன்றாம் பத்திக்கும் செல்ல வேண்டும். பறவையைத் தகைவிலான் குருவி என்றும் வல்லூறு என்றும் ஆளுக்கொன்று சொல்வதால், அதன் இனத்துக்குரிய கட்டத்தில் "பறவை" என்பதற்கு மேல் எதையும் நிரப்ப வேண்டாம்.